துரை பங்களாக் கதவு

எங்கள் ஊரில் துரை பங்களா என்று ஒன்று இருந்தது. பருத்தி வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கட்டியது. அவர் சீமைக்குப் போன பிறகு கரிசல் மண் தன் வேலையைக் காட்டியது. மழைக்குப் பொங்கி, வெயிலுக்குப் பிளந்து, சுவர்களை ஒவ்வொன்றாகச் சாய்த்தது. சாய்ந்ததை ஊர் வீணாக்கவில்லை. துரை குளித்த தொட்டியில் ஆடுகள் தண்ணீர் குடித்தன. வண்ணக் கண்ணாடி மாதா கோயிலுக்குப் போனது. முன்வாசல் தேக்குக் கதவு என் அத்தை வீட்டுக்கு வந்தது. ஓட்டு வீட்டுக்கு அரண்மனைக் கதவு! ஊரே அவளைப் பங்களாக்காரி என்றது. அத்தைக்குப் பெருமை பிடிபடவில்லை.

போன தை மாதம் துரையின் பேத்தி வரப்போவதாகச் சேதி வந்தது. ஊர் ஆடிப்போய்விட்டது. ஆட்டுத் தொட்டியை மறைக்க அதன் மேல் சோளத்தட்டை ஏறியது. இங்கிலீஷ் வாத்தியாரான நான்தான் அவருக்கு வழிகாட்டி.

"ஏலே, சொந்தக்காரி வந்து கேட்டா இல்லைன்னு எப்படிலே சொல்ல? கதவு போச்சுன்னா எனக்கு என்னலே இருக்கு?" என்று அத்தை அழுதாள்.

அழுது முடித்ததும் மூளை வேலை செய்தது. கதவில் மஞ்சளை அப்பி, கொத்துக் கொத்தாக வேப்பிலை செருகிவிட்டாள். வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று அர்த்தம். இனி எவனும் அண்டமாட்டான். அன்று காலை பால்காரர்கூடத் தெருமுனையிலேயே திரும்பிவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பேத்திக்கு அறுபது வயதிருக்கும். பங்களா இருந்த இடத்தில் வேலிக்கருவையைத் தவிர ஒன்றுமில்லை. முகம் வாடித் தெருவுக்குள் வந்தவர், வேப்பிலையைப் பார்த்ததும் மலர்ந்துவிட்டார். தன்னை வரவேற்கக் கட்டிய தோரணம் என்று நினைத்துவிட்டார்! நான் மறிப்பதற்குள் நேரே அத்தை வாசலுக்கே போய்விட்டார்.

போனவர் கதவைத் தொட்டார். மஞ்சளுக்கு அடியில் இருந்த பூவேலையைத் தடவினார். கைப்பையிலிருந்து தாத்தாவின் பழைய பங்களாப் படத்தை எடுத்து ஒத்துப் பார்த்தார். பிறகு மெல்ல என்னிடம் ஏதோ கேட்டார்.

ஒருக்களித்திருந்த கதவை அத்தை உள்ளே இருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கேட்டுட்டாளாலே?" என்றாள்.

"கதவைக் கேக்கல அத்தை. உள்ள வரலாமான்னு கேக்காவ."

அத்தையின் பிடி தளர்ந்தது. பிறகு கதவு விரியத் திறந்தது.

"ஏட்டி, ஒங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு எங்கிட்டயா கேக்க? வாட்டி உள்ள."