பென் டிரைவுக்கு மடி

ஸ்ரீவராகம் அக்ரஹாரத் தெருவில் பிறந்து வக்கீலுக்குப் படித்த ஆஷா, வக்கீல் வைக்க வழியில்லாத ஏழைகளுக்காக வாதாடும் இலவச வக்கீல் ஆபீசில் போய்ச் சேர்ந்தாள். "கள்ளனுக்குப் பேசிப் பிழைக்கறாளாம்" என்று தெருவில் நொடித்தார்கள். விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்கிற மூளை அங்கே எத்தனை பேருக்கு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

ஆபீசுக்குத் தலைவர் ராமசுப்ரமணியன், கரமனை அக்ரஹாரத்துக்காரர். கோட்டில் ஒரு சுருக்கம் இருக்காது, நெற்றியில் சந்தனம் கலையாது. அந்த நெற்றிக்கு உள்ளே என்ன இருந்தது என்பதை மட்டும் யாரும் கண்டதில்லை. கம்ப்யூட்டர் சாட்சியங்களை எப்படிக் கையாள வேண்டும் என்று ஒருநாள் வகுப்பு நடந்தபோது அவரையும் அனுப்பினார்கள். காலையில், "ஒரிஜினலைத் தொடக் கூடாது" என்று சொல்லிக்கொடுத்தார்கள். மத்தியானம், "காப்பி எடுத்து, அந்தக் காப்பியைப் பாருங்கள்" என்று சொல்லிக்கொடுத்தார்கள். இவரோ ஊணுக்கு எழுந்து போனவர் திரும்பி வரவேயில்லை. பாயசம் நன்றாக இருந்ததாம்.

அன்றிலிருந்து ஆபீசில் பென் டிரைவுக்கு மடி வந்துவிட்டது. குளித்து உடுத்துகிற துணியை யார் கையும் படாமல் உயரக் கொடியில் போட்டு வைப்பார்களே, அந்த மடி. கேமராப் படம் வந்தால் கவரில் போட்டு ஒட்டுவார், அரக்கு வைப்பார், கையெழுத்துப் போட்டு அலமாரியில் பூட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது மட்டும் கிடையாது.

அப்படிப் பூட்டினதில் ஒன்று பிச்சையாவுடையது. பிச்சையா விதுரா பக்கத்து எஸ்டேட் கூலி. கால் புண்ணுக்கு மருந்து வாங்க நகரத்துக்கு வந்த மனுஷன். அன்று சாயங்காலம் கரமனையில் ஒரு பெண்ணின் சங்கிலியை எவனோ பறித்துக்கொண்டு ஓடினான். போலீஸ் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பிச்சையாவைப் பிடித்தது. நொண்டி நடக்கிறவன் சங்கிலியைப் பறித்துக்கொண்டு எப்படி ஓடுவான் என்று அங்கே ஒரு தொப்பிக்கும் தோன்றவில்லை. அந்த நேரத்தில் ஸ்டாண்டுக்கு எதிரே வேலாயுதன் பேக்கரியில் சாயா குடித்துக்கொண்டிருந்ததாகப் பிச்சையா சொன்னான். பேக்கரியில் கேமரா உண்டு. ஆபீஸ் ஊழியர் ரதீஷ் போய்ப் பென் டிரைவில் படம் வாங்கி வந்தார். ராமசுப்ரமணியன் அரக்கு வைத்தார். முடிந்தது கதை.

"காப்பி எடுத்துண்டு பாக்கலாமே சார்?" என்று ஆஷா எத்தனையோ தடவை கேட்டாள்.

"தொடப்படாது, கேட்டியா? ஒரிஜினலாக்கும். டிரெயினிங்குக்குப் போனது நீயா, நானா?"

பூஜை விடுமுறைக்கு முன்னால் ஆஷா ஜெயிலுக்குப் போனாள். பிச்சையா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டான்: "நான் சாயா குடிக்கது அந்தப் படத்துல தெரியுதாம்மா?"

தெரியும் என்று சொன்னால் பொய். பார்க்கவில்லை என்று சொன்னால் வெட்கக்கேடு. "பாத்துட்டு வந்து சொல்றேன்" என்று எழுந்து வந்தாள்.

வந்து பார்த்தால் ஆபீசில் பூஜைவைப்பு நடந்து முடிந்திருந்தது. புத்தகத்தையும் தொழில் சாமானையும் சரஸ்வதிக்கு முன்னால் வைத்துவிட்டால் விஜயதசமி வரைக்கும் யாரும் தொடமாட்டார்கள். ராமசுப்ரமணியன் கேஸ் கட்டு, லேப்டாப், பென் டிரைவ் கவர்கள் எல்லாவற்றையும் அடுக்கிப் பட்டுத்துணியால் மூடி, மேலே பூவும் போட்டிருந்தார். நவமியன்று காலையில் அவர் அவல் விநியோகம் செய்துகொண்டிருக்க, ஆஷா நேரே போய்ப் பட்டுத்துணியை விலக்கினாள்.

"ஐயையோ! சரஸ்வதிக்கு வெச்சதை எடுக்கறியே! தோஷமாக்கும்!"

ஆபீசில் எப்போதும் சார் என்று கூப்பிடுகிறவளுக்கு அன்று தெருவில் கூப்பிடுகிற மாமாவே வாயில் வந்தது. "சரஸ்வதி கோச்சுண்டா நான் பாத்துக்கறேன் மாமா. உள்ள இருக்கானே பிச்சையா, அவன் கோச்சுண்டா நீங்க பாத்துப்பேளா?"

அரக்கை உடைத்தாள். காப்பி எடுக்க லேப்டாப்பில் சொருகினாள். சொருகின வேகத்தில் காப்பி முடிந்துவிட்டது. அவ்வளவு நேரத்துப் படம் கண் சிமிட்டுவதற்குள் எப்படி ஏறும்? திறந்தாள். ஃபைல் இல்லை என்று வந்தது. பேக்கரிக் கம்ப்யூட்டரில் படம் ஓரிடத்தில் இருந்தது, அதைத் திறக்கிற ஷார்ட்கட் என்கிற சின்னக் குறி இன்னோரிடத்தில் இருந்தது. ரதீஷ் குறியை மட்டும் இழுத்துப் போட்டு வந்திருந்தார். வீட்டைத் தூக்கி வரச் சொன்னால் வாசலில் தொங்குகிற பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு வந்த மாதிரி. அதற்குத்தான் இத்தனை அரக்கு, இத்தனை பட்டு, இத்தனை பூ!

"ஃபுல்லா கிட்டியெண்ணு நினைச்சேன் மேடம்" என்று ரதீஷ் தலையைச் சொறிந்தார். முழுப் படமும் கிடைத்துவிட்டதாக நினைத்தாராம். ராமசுப்ரமணியன் கையிலிருந்த அவலை வாயில் போட்டுக்கொண்டார்.

கேமரா மிஷின் ஒரு மாசம் போலத்தான் வைத்திருக்கும், அப்புறம் புதுப் படத்துக்காகப் பழசை அழித்துவிடும். பிச்சையா பிடிபட்டு அந்த ஒரு மாசம் ஆகப்போகிறது என்று ஆஷா விரல்விட்டு எண்ணினாள். ஆட்டோ பிடித்து ஓடினாள். பேக்கரியிலும் மிஷினுக்குச் சந்தனமும் பூவும் வைத்திருந்தார்கள். "இதையும் தொடப்படாதா?" என்று பதறினாள்.

வேலாயுதன் சிரித்தார். "பயப்படாதீங்க வக்கீலம்மா. பூ வெச்சேன், ஆஃப் பண்ணலை. கள்ளன் பூஜைக்கு லீவு எடுப்பானா? ஆனா ஒண்ணு, நாளைக்கு வந்திருந்தா நான் கையை விரிச்சிருப்பேன். பழசைத் தின்னுக்கிட்டேல்லா வருது இது!"

படம் இருந்தது. கட்டுப்போட்ட காலை பெஞ்சில் நீட்டி வைத்துக்கொண்டு பிச்சையா சாயாவை ஊதி ஊதிக் குடித்தான். ஆஷா முழுப் படத்தையும் எடுத்தாள், அங்கேயே ஓட்டிப் பார்த்தாள், இன்னொரு காப்பியும் போட்டாள். மிஷினில் ஓடுகிற மணி சரிதானா என்று செல்போன் மணியோடு ஒத்துப் பார்த்தாள். தன் கடை மிஷினிலிருந்து எடுத்த படம்தான் என்று வேலாயுதனிடம் எழுதி வாங்கினாள்.

கோர்ட் திறந்ததும் பிச்சையாவுக்கு ஜாமீன் கிடைத்தது. போலீஸ் பதில் சொல்ல அவகாசம் கேட்டது. ஒருத்தன் சாயா குடித்ததற்குப் பதில் யோசிக்க அவர்களுக்கு அவகாசம் வேண்டுமாம்!

வெளியே வந்த பிச்சையா நேரே ஆபீசுக்கு வந்தான். ராமசுப்ரமணியன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "சாட்சியத்தை நாங்க பத்திரமா வெச்சிருந்தோமாக்கும்" என்றார்.

"அதை நான் ஒருக்கா பாக்கலாமா சாரே?"

"தொடப்படாது" என்று அவர் வாயெடுப்பதற்குள் ஆஷா காப்பியை ஓடவிட்டாள். பிச்சையா குனிந்து பார்த்தான். தன் காலையும் சாயாக் கிளாசையும் கண்டான். அப்புறம் நிமிர்ந்து ராமசுப்ரமணியனைப் பார்த்தான்.

"இவ்வளவுதானா சாரே? இதைத் தொறந்து பாக்கவா எனக்கு இத்தனை நாளு ஜெயிலுச் சோறு?"

ராமசுப்ரமணியன் விட்டத்தைப் பார்த்தார்.

"இன்னொருக்கா போடுங்கம்மா" என்றான் பிச்சையா. ஆஷா போட்டாள். இந்தத் தடவை ராமசுப்ரமணியனும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.