தானாகக் கடித்த கத்தரி

திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த லோசென் ஊரில் கிளை வெட்டும் பேட்டரிக் கத்தரி மக்கர் செய்தாலும், டிரில் மூச்சை நிறுத்தினாலும் நெவ்யானாவின் கடைக்குத்தான் போக வேண்டும். போகிறவர்கள் முதலில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள், பழுது பார்ப்பதெல்லாம் அப்புறம். கடைக்குள் காலை வைத்ததும், வணக்கம் சொல்வதற்கு முன்னால், பேட்டரியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட வேண்டும். மாட்டிய பேட்டரியோடு யார் என்ன பேசினாலும் அவள் காதில் விழாது.

"முதல்ல பேட்டரிய எடுங்க. அப்புறம் உங்க சோகக் கதையச் சொல்லுங்க" என்பாள். மேயர் வந்தாலும் இதேதான், பாதிரியார் வந்தாலும் இதேதான்.

அவளுக்கு ஐம்பத்து நாலு வயது. டெலிபோன் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தாள். அதை இழுத்து மூடியபோது ஒரு ஸ்குரூ டிரைவரை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அக்கம்பக்கத்து மிக்சி, முடி உலர்த்தும் கருவி என்று தொடங்கிய பிழைப்பு, ஊரில் எல்லோரும் வயரை விட்டுவிட்டு பேட்டரிக்கு மாறியதும் சூடுபிடித்தது. புருஷன் ஸ்பெயினுக்குப் பழம் பறிக்கப் போனவன் திரும்பி வரவில்லை. அவளே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதபோது நாம் ஏன் வருத்தப்பட வேண்டும்?

அவளிடம் ஒரு விசித்திரம் உண்டு. கெட்ட பாகத்தை மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க அவளால் முடியாது. ஏன் கெட்டது என்று தெரிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சோறு இறங்காது. ஒருவருடைய பேட்டரி வயிறு உப்பி வந்தபோது, வீடு வரைக்கும் போய்ப் பார்த்தாள். மனுஷன் சார்ஜரைக் கணப்பு அடுப்புமேல் வைத்திருந்தார். "குளிர்ல அதுக்கு ஜலதோஷம் பிடிச்சிடக் கூடாதுல்ல" என்றார். இன்னொருத்தன் பேட்டரியையும் ஆணிகளையும் ஒரே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்து, கால்சட்டையில் ஓட்டையோடு வந்து நின்றான். அவள் திட்டினாளே தவிர, அந்த ஓட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டே திட்டினாள்.

மார்ச் முதல் வாரம், ஒரு புதன்கிழமை, தோட்டக்காரர் தோப்ரியின் மனைவி வெலிக்கா வந்தாள். கத்தரி ஒரு கையில், பேட்டரி மறு கையில். இந்தப் பக்கம் ஒழுங்காகப் பிரித்துக்கொண்டு வருகிற ஒரே வீடு அதுதான். பின்னாலேயே தோப்ரி, இடது ஆள்காட்டி விரலில் பெரிய கட்டோடு.

"இது தானா கடிக்குதாம்" என்றாள் வெலிக்கா. "கேட்டுக்கோ. இவர் விரலை எடுத்துட்டாராம், இது தானா மூடுதாம்."

"ரெண்டு தரம் கையுறையோட போச்சு" என்றார் தோப்ரி. "மூணாவது தரம் விரல். நாலு தையல்."

"இந்தக் கையால கொடியப் பிடிச்சுக்கிட்டே வெட்டினீங்களா அண்ணே? ஒரு முழம் தள்ளிப் பிடிங்கன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?"

"தள்ளித்தான் பிடிச்சேன். அடுத்த கொடிக்குக் கை போகும்போது கடிச்சுது."

வெலிக்கா கத்தரியை மேசைமேல் வைத்தாள். அவள் குரல் இறங்கியது. "நெவ்யானா, உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போதையில டிராக்டர்லேர்ந்து விழுந்தாரே, அப்பவே சொல்லிட்டேன். இன்னொரு தரம் குடிச்சா நான் பொண்ணு வீட்டுக்கு, புர்காஸுக்குப் போயிடுவேன். திரும்ப மாட்டேன். திரிஃபோன் திருநாள் அன்னிக்கு இவர் கோட்டு முழுக்க ஒயின் வாடை. குடிக்கலைங்கிறார். இப்ப இந்த விரல். கத்தரிமேல தப்பு இருந்தா சொல்லு, நம்புறேன். இல்லேன்னா சனிக்கிழமை பஸ்ல நான் கிளம்புறேன். பெட்டி கட்டியாச்சு."

தோப்ரி தலையைக் குனிந்துகொண்டார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார்.

கத்தரியைக் கவனிக்காமல் தன் மூக்கையே நறுக்கிக்கொண்ட திரிஃபோன்தான் எங்கள் திராட்சைக்குக் காவல் புனிதர். எங்கள் ஊர்க்காரர்களின் ஜாக்கிரதை எப்படிப்பட்டது என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். பிப்ரவரியில் அவர் நாளன்று எல்லோரும் இடுப்பில் கத்தரியோடு தோட்டத்துக்குப் போய், ஆளுக்கு மூன்று கிளை வெட்டி, வெட்டிய இடத்தில் ஒயின் ஊற்றி, மிச்சத்தைக் குடிப்பார்கள். மிச்சம்தான் எப்போதும் அதிகம்.

நெவ்யானா அன்றைக்கே கத்தரியைச் சோதித்தாள். அலகில் ஒட்டியிருந்த பிசினைத் துடைத்தாள், எண்ணெய் விட்டாள், பேட்டரியை மாட்டினாள். திராட்சைக் குச்சியைக் கையில் பிடிக்காமல் இடுக்கியில் வைத்து இருநூறு தரம் வெட்டினாள். விசையை விட்டால் அலகு திறந்தது, அழுத்தினால் மூடியது. பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகும் பிள்ளை மாதிரி அவ்வளவு ஒழுங்கு.

வியாழக்கிழமையும் இருநூறு. அன்றைக்கும் ஒழுங்கு.

அவளுக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு குடும்பம் பிரிவது தன் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தையில் நிற்கிறது. 'கத்தரியில் தப்பில்லை' என்று சொல்லிவிடுவது சுலபம், பார்த்த வரைக்கும் அது உண்மையும்கூட. ஆனால் அவளுக்குத் தோப்ரியின் முகம் நினைவில் உறுத்தியது. பொய் சொல்கிறவன் நிறையப் பேசுவான். குடிப் பேச்சு வந்ததும் இந்த மனிதர் வாயே திறக்கவில்லையே, ஏன்?

தோட்டத்தில் இருக்கிறது, இங்கே இல்லை, அது என்ன? மண்ணா, ஆட்டமா, ஈரமா? அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே யோசித்தவள், பாதியில் நிறுத்தினாள். அங்கே குளிர். இங்கே ஸ்வெட்டரைக் கழற்றும் அளவுக்குச் சூடு.

வெள்ளிக்கிழமை காலையில் பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்தாள். பேட்டரியைக் குளிரில் போடுவது அதற்கு ஆகாது. கத்தரியை மட்டும் ஒரு பையில் சுற்றி, குளிர்பெட்டியில் வெள்ளைப் பாலாடைக்கட்டிக்கும் தயிருக்கும் நடுவில் வைத்தாள். மூன்று மணி நேரம் கழித்து எடுத்து, துடைத்து, பேட்டரியை மாட்டி, இடுக்கியில் குச்சியை வைத்தாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது வெட்டில் விரலை எடுத்தாள். அலகு திறந்தது. ஆனால் விசை முழுசாக வெளியே வரவில்லை, பாதியில் நின்றது. மேசையை லேசாகத் தட்டினாள். சடக்கென்று அலகு மூடியது, யாரும் தொடாமலே.

நெவ்யானா எழுந்து நின்று கைதட்டினாள். கடையில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

மத்தியானம் இருவரும் வந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே இன்னொரு தரம் செய்து காட்டினாள். வெலிக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தோப்ரி கண்ணை மூடிக்கொண்டார்.

"உள்ள ஏதோ ஒட்டியிருக்கு. சூட்டுல இளகுது, குளிர்ல கெட்டியாகுது. வாங்க, என்னன்னு பாப்போம்" என்றாள் நெவ்யானா. பேட்டரியை எடுத்துத் தூரத்தில் வைத்தாள், திருகுகளைக் கழற்றினாள், மேல் மூடியைப் பிரித்தாள். விசையின் ஸ்பிரிங்கைச் சுற்றிக் கருஞ்சிவப்பாக, ஜாம் மாதிரி பிசுபிசுப்பு.

வெலிக்கா குனிந்து மோந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"இது நம்ம ஊர் ஒயின்" என்றாள். "கத்தரி குத்தமாம்! நீ ஊத்திக்கிட்டு, அது மேலயும் கொட்டிட்டு, கத்தரி குத்தமா? நான் கெட்டிக்காரி, பெட்டியைப் பிரிக்காம வந்தேன்."

அவள் கதவை நோக்கித் திரும்பிவிட்டாள். நெவ்யானா அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நில்லுங்க. எனக்கு ஒண்ணு புரியல. இது ஒரு சொட்டு ரெண்டு சொட்டு இல்ல. மோட்டார் வரைக்கும் இறங்கியிருக்கு. குடிக்கிற மனுஷன் ஒயின இவ்வளவு சிந்துவானா?"

வெலிக்கா நின்றாள். நெவ்யானா தோப்ரியைப் பார்த்தாள். சந்தேகத்தோடு பார்க்கவில்லை. உப்பிய பேட்டரியைப் பார்ப்பாளே, அதே ஆசையோடு பார்த்தாள்.

"எத்தனை கோப்பை அண்ணே?"

தோப்ரியின் காது சிவந்தது. "ஏழு" என்றார்.

"ஏழா!" என்றாள் வெலிக்கா.

"திருநாள் அன்னிக்கு பக்கத்துத் தோட்டத்து ஸ்தமாத் எனக்கு ஊத்திக்கிட்டே இருந்தான். எல்லாரும் என்னையே பாக்கிறாங்க. வேண்டாம்னு சொல்ல வாய் வரல. உதட்டுல வச்சேன், அவங்க அண்ணாந்து குடிக்கிற நேரம் பாத்து இடுப்பு உறைக்குள்ள ஊத்திட்டேன். கத்தரி அதுக்குள்ள இருந்திச்சு. பேட்டரி மட்டும் குளிர் படாம சட்டைக்குள்ள, நெஞ்சுகிட்ட இருந்திச்சு."

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"நேருக்கு நேரா வேண்டாம்னு சொல்லிடுவேன்னு உனக்கு வாக்குக் குடுத்திருந்தேன்ல." அவர் தொப்பியைப் பார்த்தே பேசினார். "குடிகாரன்னு நீ நெனச்சாகூடத் தாங்கிக்கலாம். அறுபத்தாறு வயசுல நாலு பேருக்குப் பயந்து ஒயின இடுப்புல ஊத்திக்கிட்டேன்னு எப்படிச் சொல்றது?"

வெலிக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நெவ்யானாவுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிற்பாடு தெரிந்தது. அவர் கட்டுப்போட்ட விரலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "முட்டாள், முட்டாள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நெவ்யானா ஸ்பிரிங்கைச் சாராயத்தில் கழுவி, உலர்த்தி, பூட்டினாள். விசைக்கு மேல் புது ரப்பர் வளையமும் போட்டாள். கடைசியில் பழுதுச் சீட்டை எடுத்தாள். 'காரணம்' என்ற இடத்தில் மனுஷனின் மானத்தைக் காப்பாற்றுவோம் என்று நினைத்து, 'ஈரம்' என்று எழுதப் போனாள்.

"ஈரம்னு எழுதாத" என்றார் தோப்ரி. "ஒயின்னு எழுது. யார் குடிச்சதுன்னும் எழுது."

அவள் எழுதினாள்: 'காரணம்: ஒயின், ஏழு கோப்பை. குடித்தது: கத்தரி.'

அவர் சீட்டை வாங்கி இரண்டு தரம் படித்தார். தொப்பியைத் தலையில் வைத்தார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் மதுக்கடை வாசலில் ஸ்தமாத்தும் அவன் கூட்டாளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். தோப்ரி தெருவைக் கடந்து நேராக அவர்களிடம் போய், சீட்டை அவர்கள் மேசைமேல் விரித்து வைத்தார்.