அவர் கேட்ட கோல்

போன சீசனின் முதல் ஆட்டம் அது. ஜார்ஜ்டவுன் அரங்கத்தில், மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த ஒரு மாலை நேரத்தில் நடந்தது. எங்கள் மாநில அணி சொந்த ஊரில் ஆடினால் நானும் என் கணவரும் தவறாமல் போய்விடுவோம். கல்யாணத்துக்கு முன்பு அவருக்குக் கால்பந்தாட்டத்தில் ஆர்வமே இல்லை. என்னிடமிருந்து தொற்றிய பைத்தியம்தான். அதற்கு முந்தைய சீசனில் எங்கள் அணி அடிமேல் அடி வாங்கியிருந்தது. இருந்தாலும் முதல் ஆட்டத்தன்று மட்டும் எதையும் நம்பத் தோன்றும். புதுப் பயிற்சியாளர், புதிதாக வந்த வெளிநாட்டு முன்கள வீரர் என்று நாங்களும் நம்பிக்கையோடு போய் உட்கார்ந்தோம்.

என் இடப்பக்கம் ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். போட்டிருந்த ஜெர்சி வெளுத்து, முதுகு எண் பாதி உதிர்ந்துபோயிருந்தது. நிபோங் திபாலிலிருந்து மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் கடந்து இந்தத் தீவுக்கு வந்ததாகச் சொன்னார். கச்சான் கடலைப் பொட்டலத்தை எங்கள் பக்கம் நீட்டினார். அந்த வெளிநாட்டு வீரர் மீது அவருக்கு நம்பிக்கை இல்லை. “ஆளு நல்ல உயரம். ஆனா இவன் திரும்பறதுக்குள்ள பந்து கடல் தாண்டி பட்டர்வொர்த் போயிரும்லா” என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

முதல் பாதியிலேயே எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இடைவேளையில் பார்த்தால் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மழைக்காற்று குளிராக வீசியும் அவர் முகம் வியர்த்திருந்தது. என் கணவர் சூடாகத் தேநீர் வாங்கிவந்து கொடுத்துவிட்டு, கீழே முதலுதவிக்காரர்கள் இருக்கிறார்கள், ஒருமுறை காட்டிவிடலாமே என்றார்.

“காத்துதான் தம்பி. மொத மேட்ச்லயே பாதியில எந்திரிச்சிப் போனா சீசன் பூரா வெளங்காது.”

எனக்கும் இப்படிப்பட்ட நம்பிக்கைகள் உண்டு. அதனால் அவர் சொன்னது அந்த நேரத்தில் நியாயமாகவே பட்டது. நாங்களும் வற்புறுத்தவில்லை.

இரண்டாம் பாதியில் அவர் பேச்சு குறைந்தது. ஆட்டத்தில் மூழ்கிவிட்டார் என்று நினைத்தேன். திடீரென்று அவர் தலை என் தோளில் சாய்ந்தது. கையிலிருந்த குவளை விழுந்து தேநீர் என் காலில் கொட்டியது. முகம் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. என் கணவர் ஆட்களை அழைத்துவரப் படிகளில் இறங்கி ஓடினார். நான் அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டேன். பின்வரிசையில் இருந்த மலாய்ப் பெண்மணி ஓர் அட்டையை எடுத்து விசிறத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்து அரங்கமே எழுந்து நின்று கத்தியது. எனக்குச் சுற்றிலும் ஆட்களின் கால்கள்தான் தெரிந்தன. அந்தச் சத்தத்தில் அவர் கண் திறந்தார்.

“கோலா?”

“ஆமாண்ணே, கோல்.”

“யாரு?”

“அந்த வெளிநாட்டுக்காரன்தாண்ணே.” நான் எதையும் பார்க்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

அவர் உதடு லேசாக விரிந்தது. என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தார், கண்ணை மூடிக்கொண்டார். அதற்குள் ஆரவாரம் அப்படியே அடங்கி ஒரு பெருமூச்சாக மாறியது. ஆஃப்சைட், கொடி தூக்கிவிட்டார்கள், கோல் செல்லாது என்று யாரோ சலித்துக்கொண்டார். எல்லாரும் உட்காரத் தொடங்கியபோதுதான் எங்களைப் பார்த்தார்கள். என் கைக்குள் அவர் கை தளர்ந்துபோயிருந்தது.

முதலுதவிக்காரர்கள் ஓடிவந்து அங்கேயே படுக்கவைத்து அவர் நெஞ்சை அழுத்தினார்கள். பிறகு தூக்கிக்கொண்டு போனார்கள். அவருடன் வந்தவர் யாரும் இல்லாததால் ஆம்புலன்ஸில் நான் ஏறிக்கொண்டேன். வழியில் அவர் காற்சட்டைப்பையில் கைத்தொலைபேசி அடித்தது. எடுத்தேன். நான் வாய் திறப்பதற்குள் ஒரு பெண் குரல், “மாத்திரைய மேசையிலயே வச்சிட்டுப் போயிட்டீங்களே, நெஞ்சு எப்படி இருக்கு?” என்று கேட்டது. நான் யார் என்று சொல்லி, மருத்துவமனைக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அவர் மனைவியான அந்த அக்கா பக்கத்து வீட்டுக்காரரின் காரில் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மருத்துவர் சொன்னதைக் கேட்டும் அவர் அழவில்லை. என் கணவரும் அதற்குள் வந்துவிட்டிருந்தார். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார். சொன்னேன். காலையிலிருந்தே நெஞ்சு வலி என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தாராம். போகவேண்டாம் என்று அக்கா தடுத்தும் கேட்கவில்லையாம். பிறகு, ஆட்டம் என்னவாயிற்று என்று கேட்டார். எதிரணி முதலில் போட்ட அந்த ஒரு கோலிலேயே தோற்றுப்போனோம் என்றேன்.

“அது அவருக்குத் தெரியுமா?”

“தெரியாதுக்கா. நாம கோல் போட்டுட்டோம்னு நெனச்சிக்கிட்டேதான் கண்ண மூடினாரு.”

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “அது போதும்மா. தோத்துட்டா வீட்டுக்கு வந்து சாப்பிடவே மாட்டாரு” என்றார். அப்புறம்தான் அழுதார்.

எங்கள் அணி அந்தச் சீசன் கடைசிவரை தேறவில்லை. நாங்கள் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். ஆட்டம் முழுக்க என் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருந்தவரின் பெயரை, மருத்துவமனையில் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்பது இன்றும் உறுத்துகிறது. கூட்டம் எழுந்து கத்தும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது பக்கத்து இருக்கையைத்தான். பந்து எங்கே என்று அதற்குப் பிறகுதான் தேடுகிறேன்.