அஞ்சலையின் வண்டியை ஊமையாக்கினேன்

மின்சார வண்டி பழுதுபார்ப்பது, அடுத்த வீட்டுக் குழந்தையின் அழுகையை நிறுத்தப் போவது போன்ற தொழில். அப்படிப் போய் மாட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்கே தெரியும். கல்லூரியில் மோட்டார் பாடம் நடத்தி ஓய்வு பெற்று, வீட்டின் மௌனம் தாங்காமல் செங்கல்பட்டில் கடை போட்டவள் நான்.

அலையும் ஐஸும்

மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மூன்று சக்கர மின்வண்டியில் மீன் கொண்டுவருபவள் அஞ்சலை. தொண்டையில் ஆபரேஷன் ஆனபின் அவளுக்குக் குரல் எழும்பாது; கிசுகிசுப்பாகத்தான் பேசுவாள். வண்டியோ தெருமுனையிலேயே ஊளையிடும். காந்த மோட்டாருக்கு மின்சாரம் வழுவழுப்பான அலையாகப் போக வேண்டும். அவளுடைய மலிவான கன்ட்ரோலர் அதைப் படிக்கட்டாக வெட்டி அனுப்பியது. அந்த வெட்டில் பிறக்கும் வேண்டாத சிற்றலைகள்தான் ஹார்மோனிக்ஸ். ஊளையும் சூடும் அவற்றின் உபயம். இதையெல்லாம் நான் விரித்துச் சொல்லச் சொல்ல, அவள் மீன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐஸு கரையுது டீச்சரம்மா. வூடு போய்ச் சேர்ற வரைக்கும் சார்ஜு நிக்குமா, அத்த மட்டும் சொல்லு."

கோணம்

அலையை ஒழுங்காக அனுப்பும் கன்ட்ரோலரை மாட்டினேன். உள்ளே காந்தம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அதற்கு முதலில் சொல்லித்தர வேண்டும். எத்தனையோ பிள்ளைகளுக்கு இதே தவறுக்காக மதிப்பெண் குறைத்த நான், கோணத்தைத் தப்பாகக் கொடுத்தேன். கைப்பிடியை முறுக்கியதும் வண்டி பின்னால் பாய்ந்து பக்கத்து டயர் கடைக்குள் புகுந்தது. கடைக்காரர் யூசுப் பாய் டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

"உங்க கிளாஸ கட் அடிக்கப் பாக்குது மேடம்."

பூரண அமைதி

திருத்திய வண்டி, காற்றில்லாத நாளின் ஏரிபோலச் சத்தமின்றிப் போனது. கவிதை எழுதியவள்போல் மிதந்தேன். சில நாளில் அஞ்சலை, விற்காத சங்கரா மீனோடு வந்து நின்றாள். கூவ முடியாதவளுக்கு அந்த ஊளைதான் கூப்பாடாம். அதைக் கேட்டுத்தான் வாசல்கள் திறக்குமாம்.

"சார்ஜும் மிச்சமாவுது, மீனும் மிச்சமாவுது. நான் வந்துகினு கீறதே ஒருத்தருக்கும் தெரில."

சுவிட்ச்

பழையதைத் திருப்பி மாட்டினால் சார்ஜ் வழியிலேயே தீரும். அதனால் கைப்பிடியில் ஒரு சுவிட்ச் வைத்தேன்: நெடுஞ்சாலையில் வழுவழுப்பான அலை, தெருவுக்குள் வெட்டிய அலை. சோதிக்க நானும் ஏறிக்கொண்டேன். அஞ்சலை சுவிட்சைத் தட்டினாள். பல் கூசும் ஊளை. ஒரு கதவு திறந்து, கையில் சட்டியோடு ஒரு பெண் வந்தாள்.

"இன்னா அஞ்சல, இத்தினி நாளா ஆளையே காணோம், ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

தூய அலையைக் கும்பிட்டே வயதாகிப்போன எனக்கு, பார்த்துப் பார்த்துக் கெடுத்துக்கொடுத்த ஒரு வண்டியால்தான் இந்தத் தெருக்களில் நல்ல பேர்.