நிற்காத லாரி

பேரணாம்பட்டு அதாவுல்லா சாயபு முதன்முதலாக லாரி வாங்கியபோது, அதை ஓட்ட ஆம்பூரிலிருந்து சுப்பராயனை அழைத்துக்கொண்டார். மலைக்கு அந்தப் பக்கம் தெலுங்கு ஊர்ச் சந்தைகளில் பதனிடாத பச்சைத் தோல் ஏற்றி, காட்டுப்பாதை வழியாக இறங்கி சாயபுவின் தோல் மண்டியில் சேர்ப்பது அவன் வேலை. நிதானமான ஆள். வண்டி எடுக்குமுன் பிரேக்கை மிதித்துப் பார்ப்பான், சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பான், வளைவு தவறாமல் ஹாரன் அடிப்பான்.

ஒரு மாசி மாதம், பொழுது சாயும் நேரம். மலை இறக்கத்தில் ஒருவன் சாலைக்குக் குறுக்கே குப்புறக் கிடந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுமை ஆள் வேலு பதறிப்போனான்.

"ஐயோ, பாவம்ணா! நிறுத்துண்ணா, தண்ணியாச்சும் குடுத்துட்டுப் போவோம்."

சுப்பராயன் நிறுத்தினான். வேலு தண்ணீர்ச் செம்போடு இறங்கிப் போய்க் குனிந்தான். கிடந்தவன் எழுந்துகொண்டான். புதரிலிருந்து இன்னும் நாலைந்து பேர் தடிகளோடு வந்தார்கள். இருந்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டு, சுப்பராயனின் தோள் எலும்பை உடைத்துவிட்டுப் போனார்கள். வேலுவுக்கு மண்டையில் அடி. வேலூர் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே செத்துப்போனான்.

தோள் கூடியதும் சுப்பராயன் மறுபடி லாரி ஏறினான். ஆனால் மலைப்பாதையில் இனி யாருக்காகவும் நிறுத்துவதில்லை என்று முடிவு செய்திருந்தான். சீட்டுக்கடியில் ஒரு இரும்புக் கம்பி வந்தது. பொழுது இறங்குமுன் மலையைத் தாண்டிவிட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தான். சாயபுவுக்கு அது பிடித்திருந்தது.

"ஜாக்கிரதை ஜாஸ்தியா இருந்தா நஷ்டமில்ல, சுப்பராயா" என்றார்.

அத்தோடு நின்றிருந்தால் சரி. நாள் போகப் போக, சரக்கு ஏற்றியதும் தோல் கட்டுகளுக்கு நடுவில் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தான், எவனாவது ஒளிந்திருக்கிறானா என்று. சந்தையில் யார் டீ கொடுத்தாலும் வாங்க மறுத்தான். வேலுவுக்குப் பதிலாக வந்த காசி, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பெற்றவன், பரம சாது. அவனையும் நம்பவில்லை.

"கைய மடிமேல வெச்சிக்கினு வா. எனக்குத் தெரியற மாரி இருக்கணும்."

"இன்னாண்ணா இது, என்னையப் போயி?" என்று காசி சிரித்தான். அப்புறம் சிரிப்பதை விட்டுவிட்டு, சொன்னபடியே கையை வைத்துக்கொண்டு வந்தான்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மனைவி சுந்தரி ஆம்பூரில் அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போய்வரக் கேட்டாள். பஸ்ஸில் யார் யார் ஏறுவார்களோ என்று மறுத்தான்.

"ஏன்யா, ஊர்ல இருக்கறவன் எல்லாம் திருடனா?" என்று கேட்டாள்.

"இல்லன்னுதான் வேலுவும் நெனச்சான்" என்றான்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு மத்தியானம் தோல் ஏற்றிக்கொண்டு இறங்கி வந்தார்கள். மழையில் நாற்பது முழத்துக்கு அப்பால் எதுவும் தெளிவில்லை. ஒரு வளைவுக்கு முன்னால், சாலை நடுவில் ஒருவன் நின்றான். தலையையும் முகத்தையும் கோணிப்பையால் மூடியிருந்தான். கையில் நீளமாக ஒரு கொம்பு. அதை உயர்த்தி ஆட்டியபடி, "ஆகு! ஆகு!" என்று தெலுங்கில் கத்தினான்.

நிறுத்தச் சொல்கிறான் என்பது சுப்பராயனுக்குப் புரிந்தது.

"ஒத்த ஆளுதாண்ணா" என்றான் காசி. "என்னமோ சொல்றான். நிறுத்திக் கேட்டுடலாம்."

"பொதர்ல எத்தினி பேர் இருக்கானோ! நீ வாய மூடு."

வண்டியை இன்னும் வேகமாக விட்டான். கொம்பு வைத்திருந்தவன் கடைசி நொடியில் பக்கவாட்டில் விழுந்து தப்பினான். லாரி வளைவைத் திரும்பியது. அங்கே சிறுபாலம் இல்லை. காட்டாறு அதை அடித்துக்கொண்டு போயிருந்தது. பிரேக் நன்றாகவே பிடித்தது. ஆனால் ஈரச் சாலையில் அந்த வேகத்துக்கு அது போதவில்லை. முன்சக்கரங்கள் பள்ளத்தில் இறங்கி, லாரி காசியின் பக்கமாகச் சாய்ந்தது.

கோணிப்பைக்காரன்தான் முதலில் ஓடி வந்தான். மாடு மேய்க்கிறவன். காலையிலிருந்து அந்த இடத்தில் நின்று, வருகிற வண்டிகளையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தானாம். சுப்பராயனை வெளியே இழுத்துப் போட்டான். பிறகு இருவருமாகக் கொம்பை நெம்புகோலாகக் கொடுத்துக் காசியை எடுத்தார்கள். அவன் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போயிருந்தது.

"அவ்வளவு கத்தினேனே, காது கேக்கலியா?" என்று மாட்டுக்காரன் தெலுங்கும் தமிழும் கலந்து கேட்டான். சுப்பராயன் குனிந்து காசியின் காலைத் துண்டால் இறுக்கிக் கட்டினான்.

காசியின் காலை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். சுப்பராயன் கட்டிலருகே போய் நின்றான். காசி திட்டவில்லை.

"உம்மேல தப்பு சொல்ல மாட்டேண்ணா. அன்னிக்கு நிறுத்தனே, வேலு போய்ட்டான். எனக்கே தெரியல, இன்னா சொல்றதுன்னு. ஆனா நீ என் பேச்ச ஒரு தடவ கேட்டிருக்கலாம்."

சாயபு வேறு டிரைவரைப் பார்த்துக்கொண்டார். காசிக்கு மண்டியில் தோல் தரம் பிரிக்கிற, உட்கார்ந்து செய்யும் வேலை போட்டுக் கொடுத்தார். சுப்பராயனையும் மண்டி வேலைக்குக் கூப்பிட்டார். அவன் வரவில்லை. லாரிப் பக்கமே மறுபடி போகவில்லை.

அதற்குப் பிறகு அவன் மலையடிவாரத்தில் கூலிக்குக் கடலை பிடுங்கினான், விறகு சுமந்தான். எங்கே போவதானாலும் நடைதான். சாலையில் மோட்டார் சத்தம் கேட்டால் வயலுக்குள் இறங்கி நின்றுகொள்வான். வண்டிக்காரன் தெரிந்தவனாக இருந்து, "ஏறிக்கோ சுப்பராயா" என்று நிறுத்தினாலும் தலையை மட்டும் ஆட்டுவான். புழுதி அடங்கி, சாலை வெறிச்சென்று ஆன பிறகுதான் மேலே ஏறி நடப்பான்.