பாய்க்கு அடியில் செமிசி

காகிதத்தை நீட்டுவதற்கு முன் செமிசி தரையில் உட்கார்ந்துவிடுவார். சம்மணமிட்டு, மூங்கில் குழலைத் தொடைமேல் கிடத்தி, வீட்டுக்காரரின் குலப் பட்டப்பெயரையும் அவர் பரம்பரைக்கு உரிய மரியாதைச் சொற்களையும் ஒன்று விடாமல் உரக்கச் சொல்வார். அதற்கு எட்டு நிமிடம் ஆகும். பெரிய பரம்பரை என்றால் பதினொன்று. அதன் பிறகே குழலைத் திறந்து, அந்தப் பட்டம் இன்றோடு பறிக்கப்படுகிறது, பட்டத்துக்காரர் ஆறு மாதம் இந்த ஊர் எல்லைக்குள் கால் வைக்கக்கூடாது என்ற அரசாங்க உத்தரவை வாசிப்பார்.

செமிசி, சமோவாவின் சவாயித் தீவில் அதை ஆளும் நியூசிலாந்து அரசாங்கத்தின் போலீஸ்காரர். வயது நாற்பத்து நான்கு. பதின்மூன்று வருட வேலை. ஆறடி இரண்டு அங்குல உயரம். சர்க்கார் கொடுத்த எந்தச் செருப்பிலும் அவர் பாதம் நுழைந்ததில்லை. மழைக்குப் பயந்து உத்தரவுகளை மூங்கில் குழலில் போட்டு இரு முனையிலும் இலை அடைத்து எடுத்துப் போவார். தேவாலயப் பாட்டுக் குழுவில் அடிக்குரல் அவருடையது. அந்த ஆட்சியை எதிர்க்கும் மாவ் இயக்கம் வலுத்தபின் குழு உட்காரும் பலகையில் அவருக்கு இரு பக்கமும் ஒரு முழம் காலியாகவே இருக்கிறது. அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே பாடுவார். சுருதி மட்டும் இறங்காது.

மனைவி லாங்கியின் மூன்று தம்பிகளும் மாவ் இயக்கத்தின் நீல இடுப்புத்துணியை, வெள்ளைக் கரை தெரியும்படி கட்டிக்கொண்டு திரிகிறவர்கள். வழியில் கண்டால் விடமாட்டார்கள். “என்ன மச்சான், இன்னைக்கு யாரோட பேரைப் பிடுங்கப் போறீங்க? குழல்ல எங்க பேரும் இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.” செமிசி நின்று, குழலைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, “இன்னும் சத்தம் வரல, மாப்ள” என்பார்.

1930 ஜனவரி 22, புதன்கிழமை காலை ஏழே காலுக்கு மலாயேத்தாய் ஊரில் நடந்ததற்குப் பிறகு அவர்களும் அந்தக் கேலியை நிறுத்திவிட்டார்கள்.

மாவ் ஊர்வலத்தில் நடந்த ஐந்து பேரைப் பிடிக்க, செமிசியும், தீவுக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத வெள்ளைக்கார சார்ஜெண்டும் போயிருந்தார்கள். ஐவரும் தோப்புக்குள் ஓடினார்கள். சார்ஜெண்ட் துப்பாக்கியை அவர்கள் முதுகுக்கு நேரே எடுத்தார். பதின்மூன்று வருடத்தில் ஒரு வெள்ளைக்காரரைக்கூடத் தொட்டறியாத செமிசி, துப்பாக்கிக் குழாயைக் கையால் தட்டி மேலே தூக்கினார்.

“மேல சுடுங்க ஐயா. சத்தத்துக்கே நின்னுருவாங்க.”

சார்ஜெண்ட் மேலே சுட்டார். இரண்டு குண்டு. எதிரே இருந்த ஈரப்பலா மரத்திலிருந்து முதலில் மூன்று காய்கள் விழுந்தன. அடுத்து எலியா விழுந்தான். வயது இருபத்தாறு, மாவ் இயக்கத்தில் சேராதவன், விடிந்ததிலிருந்து காய் பறித்துக்கொண்டிருந்தவன். மரத்தில் ஆள் இருப்பான் என்று சார்ஜெண்டுக்குத் தெரிய வழியில்லை. செமிசிக்குத் தெரியும். ஜனவரி மாதத்தில், காலை வேளையில், காய்த்த ஈரப்பலா மரம் எதில்தான் ஆள் இருக்கமாட்டான்? தட்டிய கையை அவர் இன்னும் கீழே இறக்கியிருக்கவில்லை.

எச்சரிக்கைக்காகச் சுட்டது, எலியா செத்தது விபத்து என்று சார்ஜெண்ட் எழுதினார். சாட்சியாக செமிசி கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை மாலை, லாங்கியின் தாய்வீட்டு மென்பாயைக் கேட்டார். இருபது வருடமாக மடித்து வைத்திருந்த பாய். அந்தத் தீவின் வழக்கப்படி, தவறு செய்தவன் விடியுமுன் போய், அந்தப் பாயால் தலையை மூடிக்கொண்டு இழப்புக்காரர் வாசலில் குனிந்திருக்க வேண்டும். மனமிருந்தால் அவர்கள் பாயை விலக்குவார்கள். இல்லையென்றால் வெட்டுவார்கள்.

“உங்க குண்டா அது? சுட்டவன் போய் உக்காரட்டும்.”

“கை என்னுது லாங்கி.”

“வெட்டிட்டாங்கன்னா?”

“வெட்டுனாலும் பாய் அவங்களுக்கு. விலக்குனாலும் அவங்களுக்குத்தான்.”

முறைப்படி குடும்பமே கூட வரவேண்டும். அவருடைய அண்ணன்மார் போலீஸ்காரனுக்காகக் குனிய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். லாங்கி மட்டும் விறகுக்கட்டையும் அடுப்புக் கற்களையும் சுமந்து வந்தாள். எங்களைச் சுட்டுத் தின்றாலும் அது உங்கள் உரிமை என்பது அதற்கு அர்த்தம். எலியாவின் தகப்பனார் ஃபாலானிகோவின் வாசலில் அவற்றை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி உட்கார்ந்தாள்.

செமிசி பாயைத் தலைமேல் இழுத்துக் குனிந்தபோது மணி ஐந்து இருபது. பாயின் பின்னலுக்குள்ளே முதலில் இருட்டு மட்டும்தான் இருந்தது. பிறகு சாம்பல் நிறம், பிறகு ஆயிரம் ஊசித்துளை வெளிச்சம். கல்லில் கத்தி தீட்டும் சத்தம் செமிசிக்குக் கேட்டது. எலியாவின் அண்ணன் குரலும் கேட்டது: “இதுல தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம்? தெரியாம எங்க வெட்டுறது?” யாரும் சிரிக்கவில்லை. ஃபாலானிகோவின் குரல் வரவே இல்லை. வெயில் ஏறியது. செமிசியின் முழங்கால்கள் மரத்துப்போயின.

ஒன்பது பத்துக்கு வெளிச்சம் மொத்தமாக அவர் பிடரியில் வந்து விழுந்தது. பாய் போய்விட்டது. மன்னித்துவிட்டார்கள். நெற்றி மணலில் இருக்க, செமிசி ஃபாலானிகோ பரம்பரையின் மரியாதைச் சொற்களை அழுதுகொண்டே சொல்லத் தொடங்கினார். ஐந்தாறு சொல் சொன்ன பிறகு கண் திறந்தார்.

முகத்துக்கு முன்னால் இரண்டு பூட்ஸ் நின்றன.

“எட்டு மணிக்கு டியூட்டி. இங்கே என்ன விளையாட்டு இது?” சார்ஜெண்டின் இடது கையில் பாய் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஓரம் மண்ணில் புரண்டது.

வீட்டுக்குள் இருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். லாங்கி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கொன்ற கையே வந்து பாயை விலக்குவதை அந்தத் தீவில் யாரும் கேள்விப்பட்டதுகூட இல்லை. எலியாவின் அண்ணன் கத்தியோடு வாசலில் இறங்கினான். அவன் பார்வை செமிசி மேல் இல்லை. சார்ஜெண்டுக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. துப்பாக்கி, தள்ளி நின்ற அவர் குதிரையின் சேணத்தில் இருந்தது.

செமிசி எழவில்லை. சார்ஜெண்டின் மணிக்கட்டை எட்டிப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். சார்ஜெண்ட் மணலில் மண்டியிட்டு விழுந்தார். “குனிங்க ஐயா. உசிரு வேணும்னா அசையாதீங்க” என்று அவர் காதில் சொல்லி, பாயை இழுத்து இருவர் மேலும் போர்த்தினார். ஒரு ஆளுக்கு முடைந்த பாய். சார்ஜெண்டின் தலையும் தோளும் முழுக்க மறைந்தன. செமிசியின் கழுத்து வெளியே தெரிந்தது.

அண்ணன் நின்றுவிட்டான். பாய்க்கு அடியில் இருப்பவனைத் தகப்பன் சொல்லாமல் தொட முடியாது. ஃபாலானிகோ இறங்கி வந்து, மகன் கையிலிருந்த கத்தியை வாங்கித் தன் பின்னால் மணலில் குத்தினார். பிறகு குனிந்து செமிசியின் மேல் கிடந்த பாதியை மட்டும் தூக்கி, நிதானமாக மடித்து, இன்னும் மூடியே கிடந்த சார்ஜெண்டின் முதுகின் மேல் போட்டார்.