அதிபர் கேட்ட சாதகம்

இன்று மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். விசேட வகுப்பில் ஓர் இடம் இருக்கிறதாம். அவளுக்கு எட்டு வயது, பேச்சில்லை, யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

வைத்தியரின் கடிதத்தை நீட்டினேன். அதிபர் விஞ்ஞானப் பட்டதாரி, அதுவும் பல்கலைக்கழகத்தில் என்னோடு இருந்து, என் குறிப்புகளைப் படித்துச் சித்தியடைந்தவர். கடிதத்தைப் பிரிக்கவேயில்லை.

“பிள்ளையின்ரை நட்சத்திரம் என்ன?”

சொன்னேன். விரல் மடித்து எண்ணினார்.

“ஏழரைச் சனியெல்லோ நடக்குது. மூண்டு வருஷத்திலை தானாக் கதைப்பா. அப்ப கூட்டிக்கொண்டு வாரும்.”

“பத்து வயசுக்கு மேலை எடுக்கமாட்டம் எண்டு இப்பதானே சொன்னனீர்?”

“அது சட்டம். நான் என்ன செய்யிறது?”

போர்க்காலத் தடை போட்டு அரசாங்கம் பற்றரியும் சவர்க்காரமும் வர விடாத இந்தக் குடாநாட்டுக்குள் சனி மட்டும் தாராளமாக வந்து போகிறார்.

சனி போகும்வரை காத்திராமல் பிள்ளையைச் சேர்க்கும் பள்ளிக்கூடம் தெரிந்தால் சொல்லுங்கள். அதிபர் பட்டதாரியாக இல்லாவிட்டால் இன்னும் நல்லது.